வட்டார வழக்கும் பாடற்குரலும்: ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் முதல் இசைத்தொகுப்பு

1. முன்னுரை

பாடல் எழுத்தில் நிற்கும் பனுவல் மட்டுமன்று. பாடுவோரின் ஒலிப்புமுறையாலும் பொருள் பெறுவது. எனவே பெருவழக்காகப் பரவிய பாடல்களின் மொழியை ஆராய்வது மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒருசேரப் பயன் தருவதாகும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சார்ந்த ஆர்க்டிக் மங்கீஸ் என்னும் ராக் இசைக்குழு 2006 சனவரி 23ஆம் நாள் தன் நாட்டில் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு இவ்வகையில் கருதத்தக்கது. 'வாட்எவர் பீப்பிள் சே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐம் நாட்' என்பது அதன் பெயர். முதல் வாரத்திலேயே 3,63,735 படிகள் விற்றன. அதற்கு முன் பிரித்தானியாவில் வேறெந்த அறிமுக இசைத்தொகுப்பும் அத்துணை விரைவாக விற்றதில்லை. 2007இல் தனிப்பாடகி லியோனா லூயிசின் முதல் தொகுப்பு அவ்வெண்ணிக்கையைக் கடந்தது. எனினும் அது தனிப்பாடகி ஒருவரின் படைப்பு; இசைக்குழுவின் படைப்பன்று. ஆர்க்டிக் மங்கீஸின் தொகுப்பு 2006ஆம் ஆண்டின் மெர்க்குரி பரிசையும் பெற்றது.

தம் ஊர்ப் பேச்சை உள்ளவாறே பாடியமையால் இக்குழுவினர் வெற்றி பெற்றனர் என்னும் கருத்து பரவலாக உண்டு. அது பாதி உண்மையே. இத்தொகுப்பில் வட்டார வழக்கு தானாக வந்து விழுந்ததன்று, தெரிந்தெடுத்து ஆளப்பட்டது. பேசுவோன் தான் பேசும் ஆளிடமிருந்தும் தான் காணும் காட்சியிலிருந்தும் எவ்வளவு தொலைவில் நிற்கிறான் என்பதை அளந்து காட்டும் கோலாக அது பயன்படுகிறது. இதனை ஒலி, சொல், விளி ஆகிய மூன்று நிலைகளில் நிறுவுவதும், இப்பாடல்களைத் தமிழில் பெயர்க்க முனைவோர் எதிர்கொள்ளும் தெரிவுகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குழுவும் களமும்

ஷெஃபீல்டு எஃகுத் தொழிலால் பெயர் பெற்ற நகரம். 1980களில் அத்தொழில் பெரும் வீழ்ச்சி கண்டது. நகரின் வட புறத்திலுள்ள ஹை கிரீன் என்னும் புறநகர்ப் பகுதியில் 2002இல் இக்குழு தோன்றியது. பாடல்களை எழுதிப் பாடியவர் அலெக்ஸ் டர்னர். ஜேமி குக் கித்தாரும், ஆண்டி நிக்கல்சன் பேஸ் கித்தாரும், மேட் ஹெல்டர்ஸ் முரசும் இசைத்தனர். தொடக்கத்தில் தம் பாடல்களைக் குறுந்தகடுகளில் பதிந்து நிகழ்ச்சிகளுக்கு வந்தோர்க்கு இலவசமாகவே வழங்கினர். அவற்றைச் சுவைஞர்கள் தமக்குள் இணையவழியே பரிமாறிக்கொண்டனர். இதனால், இசைத்தட்டு வெளிவருமுன்னரே கூட்டத்தினர் பாடல்களை மனப்பாடமாக அறிந்திருந்தனர். பின்னர் 1993இல் நிறுவப்பட்ட டாமினோ என்னும் தனியார் சிறு நிறுவனத்தின்வழி அவர்களுடைய இசைத்தட்டுகள் வெளியாயின. 2005 அக்டோபரில் வந்த 'ஐ பெட் யூ லுக் குட் ஆன் த டான்ஸ்ஃப்ளோர்' என்னும் பாடல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

தொகுப்பிலுள்ள பாடல்கள் பதின்மூன்று. அவற்றின் களம் பெரும்பாலும் ஒரு நகரின் வார இறுதி இரவு. நடன அரங்கு, அதன் வாயிற்காவலர், வாடகை ஊர்தி, காவல் துறையின் வண்டி, தெருமுனை, காதலரின் ஊடல் என்று காட்சிகள் அமைகின்றன. பேசுவோன் இளைஞன், பெரும்பாலும் நின்று கவனிப்பவன். முதலில் வாய்த்த கேட்போரும் அதே ஊரினர். பாடலின் மொழியைத் தீர்மானிப்பதில் இச்சூழலுக்குப் பெரும் பங்குண்டு.

3. பாடற்குரலின் மரபு

பிரித்தானியப் பாடகர் பேசும்போது ஒருவகையாகவும் பாடும்போது வேறுவகையாகவும் ஒலிப்பதை மொழியியலார் நெடுங்காலமாகக் கவனித்து வந்துள்ளனர். பீட்டர் ட்ரட்கில் 1983இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் முதலிய குழுக்களின் பாடல்களை ஆராய்ந்த அவர், இவர்கள் பாடும்போது அமெரிக்க ஒலிப்பை நாடியதை எடுத்துக்காட்டினார். ராக் இசையின் பிறப்பிடம் அமெரிக்கா. ஆகவே அவ்விசையைப் பாடுவோர் அந்நாட்டினர்போல் ஒலிக்க விரும்பினர் என்பது அவர் தரும் விளக்கம். மொழித்தெரிவு என்பது தன்னை யாரோடு இணைத்துக்கொள்ள விரும்புகிறோம் என்பதைப் புலப்படுத்தும் அடையாளச் செயல் என்று லபாஜ் கூறிய கொள்கையே இதற்கு அடிப்படை.

இப்போன்மை முழுமையாக வாய்க்கவில்லை என்பதும் ட்ரட்கிலின் முடிவு. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் உயிரொலிக்குப் பின், மெய்யொலிக்கு முன்போ சொல்லிறுதியிலோ வரும் ரகர ஒலி ஒலிக்கப்படுவதில்லை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஒலிக்கப்படும். அதனைப் பின்பற்ற முயன்ற பிரித்தானியப் பாடகர் சில இடங்களில் ரகரமே இல்லாத சொற்களிலும் அதனைச் சேர்த்துவிட்டனர். இது மிகைத்திருத்தத்திற்குச் சான்று. 1960களின் இறுதியை நோக்கிச் செல்லுந்தோறும் பீட்டில்ஸ் பாடல்களில் இத்தகைய ரகர ஒலிப்பு குறைந்துவந்ததையும், 1970களின் பங்க் இசைக்குழுக்கள் தென் இங்கிலாந்தின் உழைக்கும் மக்கள் வழக்கை அமெரிக்க ஒலிப்போடு கலந்து பாடியதையும் அவர் பதிவு செய்தார்.

ஷெஃபீல்டு நகரிலேயே இம்மரபுக்குச் சான்று உண்டு. அங்குத் தோன்றி 1980களில் உலகப் புகழ் பெற்ற டெஃப் லெப்பர்டு என்னும் வன்ராக் குழுவின் பாடல்களைக் கேட்போர், பாடுவோரின் ஊர் எதுவென்று எளிதில் கூறவியலாது. ஆகவே 2006இல் அதே நகரின் குழு ஒன்று தன் ஊர் ஒலிப்பிலேயே பாடியது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜோன் பீல் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் ஆர்க்டிக் மங்கீஸின் பாடல்களைக் கொண்டு ட்ரட்கிலின் கருத்தை மறு ஆய்வு செய்தார். அமெரிக்கச் சாயல் கொண்ட ஒலிப்பு பாட்டுலகில் பொதுநிலையாகிவிட்ட பின், அதனைக் கைக்கொள்வது எதையும் சிறப்பாகச் சுட்டுவதில்லை. வட்டார ஒலிப்பே தனித்துத் தெரிகிறது. அது நேர்மை, தன்னுரிமை, பெருவணிகத்திற்கு அடிபணியாமை ஆகியவற்றின் சுட்டாக உணரப்படுகிறது என்பது அவர் வாதம்.

4. ஒலிநிலை

இவ்வாதத்தை ஏற்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. வட இங்கிலாந்து வழக்கின் கூறுகள் எல்லாம் அமெரிக்க ஒலிப்புக்கு மாறானவை அல்ல. 'டான்ஸ்' என்னும் சொல்லில் தென் இங்கிலாந்தார் நெடிய பின்னுயிரை ஒலிப்பர். வட இங்கிலாந்தாரும் அமெரிக்கரும் முன்னுயிரை ஒலிப்பர். எனவே தொகுப்பின் புகழ்பெற்ற பாடலின் தலைப்பில் வரும் இச்சொல்லைக் கொண்டு பாடுவோன் எப்பக்கம் சார்ந்தவன் என்று முடிவு கட்ட இயலாது.

முடிவு கட்ட உதவுவது வேறோர் உயிர். தென் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 'கப்', 'லவ்' போன்ற சொற்களில் அகரச் சாயலுடைய உயிர் வரும். வட இங்கிலாந்தில் அவ்வேறுபாடு தோன்றவேயில்லை. அங்கு அவை உகரச் சாயலுடன் 'குப்', 'லுவ்' என்பனபோல் ஒலிக்கும். தமிழ் வரிவடிவம் இவ்வேறுபாட்டை ஓரளவு காட்ட வல்லது. டர்னரின் பாட்டில் இவ்வுகரச் சாயல் தெளிவாகக் கேட்கிறது. உயிருக்குப் பின் ரகரம் ஒலிப்பதில்லை. சொற்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டுப் பேச்சின் வேகத்திலேயே செல்வதால், இசையை முன்னிட்டு உயிரொலிகளை நீட்டி அமெரிக்கச் சாயல் ஏற்றுவதற்கு இடமும் குறைவு. மொழித்தெரிவும் யாப்பும் ஒன்றையொன்று தாங்குகின்றன எனலாம்.

5. சொல்நிலை

அச்சில் படிப்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. வட்டாரத் தன்மைக்குப் பெயர்பெற்ற இத்தொகுப்பில் வட்டாரச் சொற்கள் மிகுதியாக இல்லை. பெரும்பகுதி பொதுப் பேச்சாங்கிலமே. வட்டார உணர்வைப் பெரிதும் ஏற்படுத்துவது ஒலிப்பு. சொற்கள் ஆங்காங்கே முத்திரையிடுகின்றன. அவ்வாறு இட்ட இடங்கள் ஆராயத்தக்கன.

முதலாவது 'மார்டி'. வட இங்கிலாந்திலும் நடு இங்கிலாந்திலும் வழங்கும் இச்சொல், செல்லம் கொடுத்துக் கெட்ட குழந்தை சிணுங்குவதையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதையும் குறிக்கும். நாட்டிங்காம் பகுதியினரான டி. எச். லாரன்ஸின் எழுத்திலும் இது பயில்கிறது. 'மார்டி பம்' என்னும் பாடலில் காதலன் ஊடியிருக்கும் காதலியை இச்சொல்லால் விளிக்கிறான். குழந்தையைக் கடியும் சொல் காதலியிடம் செல்வதால் கடுமை குறைந்து கொஞ்சல் கூடுகிறது. அதே பாடலில் 'மிகவும்' என்னும் பொருளில் 'ரைட்' என்பது பெயரடைக்கு முன் வருகிறது. அவ்வட்டாரத்தில் ஒருவரைக் கண்டவுடன் கூறும் 'நௌ தென்' என்னும் விளித்தொடரும் அதில் உண்டு. இல்லறச் சண்டையின் அணுக்கத்தைக் காட்டும் இப்பாடலிலேயே வட்டாரக் கூறுகள் செறிவது தற்செயலன்று. ஊர்ச்சொல் இங்கு உறவின் நெருக்கத்தை உணர்த்துகிறது.

இரண்டாவது 'சும்மட்டு'. ஏதோ ஒன்று என்று பொருள்படும் இச்சொல் 'வென் த சன் கோஸ் டவுன்' என்னும் பாடலில் வருகிறது. பாலியல் தொழிலில் சிக்கிய பெண்ணையும் அவளைச் சுற்றி வரும் ஆடவனையும் தெருவில் நின்று காண்பவனின் கூற்றாக அமைந்தது இப்பாடல். ஐயுறும் இடத்தில் ஊர்ச்சொல் வருவதால், காண்பவன் வெளியிலிருந்து வந்த செய்தியாளன் அல்லன், அத்தெருவினன் என்பது பெறப்படுகிறது. அதே பாடலில் த போலீஸ் என்னும் குழுவினர் 1978இல் பாடிய 'ராக்சேன்' பாடலின் நாயகி குறிப்பாகச் சுட்டப்படுகிறாள். ஊர்ச்சொல்லும் உலகறிந்த பாடலின் நினைவும் ஒரே வாயில் பிறக்கின்றன. பேசுவோன் ஊருக்குள் மட்டும் அடைபட்டவன் அல்லன் என்பதற்கு இதுவே சான்று.

6. யார் யாரிடம் பேசுவது?

'ஃபேக் டேல்ஸ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ' என்னும் பாடல் மொழித்தெரிவையே பாடுபொருளாகக் கொண்டது. உள்ளூர்க் குழு ஒன்று அமெரிக்க நகரங்களில் வாழ்ந்ததுபோல் பாசாங்கு செய்கிறது; அவர்கள் உண்மையில் பக்கத்து ஊரான ராதரம் நகரினர் என்று பேசுவோன் எள்ளுகிறான். ட்ரட்கில் விளக்கிய போன்மை வழக்கைப் பாடலொன்றே திறனாய்வு செய்வதாக இதனைக் கொள்ளலாம். பேசுவோனின் ஒலிப்பு இங்கே வெறும் அணியன்று. அமெரிக்கச் சாயலில் பாடியிருப்பின் பாடலின் வாதம் தன்னையே மறுத்திருக்கும்.

இறுதிப் பாடலான 'எ சர்ட்டன் ரொமான்ஸ்' இன்னும் நுட்பமானது. தன் ஊர் இளைஞரின் உடை, சண்டை, சலிப்பு ஆகியவற்றைப் பேசுவோன் முதலில் இகழ்கிறான். அவ்விகழ்ச்சி ஊடகங்கள் அவ்விளைஞர்மீது வீசிய ஏளனத்தை ஒத்திருக்கிறது. பாடல் செல்லச் செல்ல அவர்களுள் சிலர் தன் நண்பர் என்பதை ஒப்புக்கொள்கிறான். அவர்கள்மீது முன்போல் சினங்கொள்ள இயலாமற் போகிறது. இகழும்போதும் ஏற்கும்போதும் ஒலிப்பு மாறவில்லை. இகழ்ச்சியை உயர்வழக்கிலும் பரிவை ஊர்வழக்கிலும் பகிர்ந்தளித்திருந்தால் இப்பாடல் அறவுரையாகச் சுருங்கியிருக்கும். இரண்டும் ஒரே குரலில் வருவதே இதன் சிறப்பு.

'ரயட் வேன்' பாடலில் இளைஞர் காவலரைச் சீண்டுகின்றனர். 'ஃப்ரம் த ரிட்ஸ் டு த ரப்பிள்' பாடலில் வாயிற்காவலர் உள்ளே நுழைய விரும்புவோரைத் தடுக்கின்றனர். இரண்டிலும் அதிகாரம் உடையோரும் இல்லோரும் பேசிக்கொள்ளும் முறையே நாடகமாகிறது.

7. இயல்பா, புனைவா?

ஊரொலிப்பு நேர்மையின் சுட்டு என்பதால் அது நேர்மையே ஆகிவிடாது. டர்னரின் பாடற்குரலுக்கு ஓர் இலக்கிய மரபு உண்டு. சால்ஃபோர்டைச் சார்ந்த பங்க் கவிஞர் ஜான் கூப்பர் கிளார்க் வட இங்கிலாந்து ஒலிப்பிலேயே கவிதை நிகழ்த்தியவர். அவர் கவிதை ஒன்றை இக்குழு 2013இல் வெளியிட்ட 'ஏஎம்' தொகுப்பில் இசையமைத்துப் பாடியது. அத்தொகுப்பில் டர்னரின் குரல் முதல் தொகுப்பின் குரலாக இல்லை. அமெரிக்க மென்பாடகரின் சாயல் அதில் ஏறியிருந்தது. பேச்சிலும் அச்சாயல் வந்துவிட்டதென இதழ்கள் அவரை எள்ளின. பிறரை எள்ளிய பாடலை எழுதியவரே எள்ளலுக்கு ஆளானார் என்று மகிழ்வதைவிட, பாடற்குரல் எக்காலத்தும் தெரிவே என்று கொள்வது ஆய்வுக்குப் பொருத்தமானது. முதல் தொகுப்பின் ஷெஃபீல்டுக் குரலும் ஒரு பாத்திரத்தின் குரல். நன்கு அமைந்த குரல்.

அக்குரலின் குறையும் சுட்டத்தக்கது. பதின்மூன்று பாடல்களிலும் பேசுவோன் ஆணே. ஊடும் காதலியும், தெருவில் நிற்கும் பெண்ணும், நடன அரங்கில் ஆடுபவளும் காணப்படுகின்றனர், விளிக்கப்படுகின்றனர், தம் கூற்றாக ஒரு பாடலையும் பெறவில்லை. 'மார்டி' என்று பெயர் பெற்றவளின் மறுமொழியைக் கேட்போர் அறிய வழியில்லை. ஓர் ஊரின் பேச்சை மேடையேற்றிய தொகுப்பு அவ்வூரின் பாதிப் பேச்சையே மேடையேற்றியது எனலாம்.

8. தமிழில் பெயர்ப்பதில் எழும் தெரிவுகள்

வட்டார வழக்கை மொழிபெயர்ப்போர்க்குப் பொதுவாக இருவழிகள் கூறப்படும். ஒன்று, பொதுவழக்கில் பெயர்த்து வேறுபாட்டைக் கைவிடுதல். மற்றொன்று, இலக்கு மொழியின் வட்டார வழக்கொன்றை ஈடாக வைத்தல். இத்தொகுப்பைப் பொறுத்தவரை இரண்டும் நிறைவு தருவன அல்ல.

'ரைட்' என்னும் மிகுதிச் சொல்லுக்குக் கொங்கு வழக்கின் 'நெம்ப' என்பதை ஈடாக வைத்தால், வட்டாரத் தன்மை கிடைக்கும். ஆனால் ஷெஃபீல்டு இளைஞன் கோயமுத்தூர்க்காரன் ஆகிவிடுவான். அமெரிக்கர்போல் நடிப்போரை எள்ளும் பாடல், தானே வேற்றூர் வேடம் புனைந்து நிற்கும். கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி போன்றவை மொழிபெயர்ப்பாளர்க்குக் கருவூலங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் அச்சொற்கள் தம் நிலத்தைத் தம்முடனே கொண்டுவருவன.

இங்கே தமிழின் இரட்டை வழக்கு ஒரு வாய்ப்பை அளிக்கிறது. எழுத்து வழக்கு, பொதுப் பேச்சு வழக்கு, வட்டார வழக்கு என மூன்று படிகள் தமிழில் உள்ளன. எழுத்து வழக்கிலிருந்து பொதுப் பேச்சுக்கு இறங்குவதே தமிழ்ப் படிப்போர்க்குக் குரலின் அணுக்கத்தை உணர்த்திவிடும். ஆகவே தொகுப்பு முழுவதையும் பொதுப் பேச்சில் அமைத்து, மூலத்தில் முத்திரைச் சொற்கள் வரும் இடங்களில் மட்டும் குறிப்பிட்ட நிலத்திற்கு உரிமையாகாத, ஆனால் வீட்டுப் பேச்சின் மணம் மாறாத சொற்களைத் தேர்வது தக்கது. 'மார்டி பம்' என்பதற்கு 'உம்மணாமூஞ்சி' என்னும் சொல் இவ்வகையில் பொருந்தும். 'சிடுமூஞ்சி' என்பதில் கடுமை மிகுதி. அது பகையை உணர்த்தும். 'உம்மணாமூஞ்சி' குழந்தையிடமும் கூறப்படுவது. கடிதலும் கொஞ்சலும் கலந்தது. ஊர் இழக்கப்படுகிறது; உறவு காக்கப்படுகிறது. அப்பாடலில் ஊர்ச்சொல்லின் பணி உறவைக் காட்டுவதே ஆதலின் இவ்விழப்பு ஏற்கத்தக்கது. 'நௌ தென்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இப்போது அப்போது' என்று பொருளற்றுப் போகும். பேச்சைத் தொடங்கும் 'என்ன' என்னும் விளியே அதன் பணியைச் செய்யும்.

ஆங்கிலத்தில் இல்லாத ஒன்றையும் தமிழ் வலிந்து கேட்கிறது. முன்னிலைப் பெயர் ஆங்கிலத்தில் ஒன்றே. தமிழில் 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டைத் தவிர்க்க இயலாது. வாயிற்காவலன் இளைஞனை 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா? பணிவுச் சொல்லால் தடுப்பது இகழ்ச்சியைக் கூட்டும். காவலரைச் சீண்டும் இளைஞர் 'ஐயா' என்று விளித்தால் போலிப் பணிவு வெளிப்படும். மூலத்தில் ஒலிப்பும் தொனியும் செய்யும் பணியைத் தமிழில் மரியாதைப் பன்மை செய்ய வல்லது. இவ்விடங்களில் மொழிபெயர்ப்பு இழப்பதை ஈடு செய்ய வாய்ப்புண்டு.

தொகுப்பின் பெயரும் எண்ணத்தக்கது. இது ஆலன் சிலிட்டோ 1958இல் வெளியிட்ட 'சாட்டர்டே நைட் அண்டு சண்டே மார்னிங்' என்னும் புதினத்திலிருந்து எடுக்கப்பட்டது. அப்புதினத்தின் நாயகன் ஆர்தர் சீட்டன் நாட்டிங்காம் மிதிவண்டித் தொழிற்சாலைத் தொழிலாளி. 1960இல் திரைப்படமாகவும் வந்தது. பிறர் இடும் பெயரை மறுக்கும் இத்தொடரில் வருவது இன்மையைக் கூறும் மறுப்பன்று. இன்னது அன்று என்னும் மறுப்பு. எழுத்துத் தமிழ் இவ்விரண்டையும் 'இல்லை', 'அல்ல' என்று வேறுபடுத்தும். பேச்சுத் தமிழில் 'இல்லை' என்பதே இரண்டிற்கும் வழங்குகிறது. 'அதுவல்லேன் யான்' என்றால் இலக்கணம் நிறையும். தொழிலாளியின் குரல் போய்விடும். 'நாலு பேர் என்ன சொன்னாலும் அது நானில்லை' என்னும் தொடர் பேச்சின் இயல்போடு அமைகிறது. பெயரற்ற ஊராரைக் குறிக்கும் 'நாலு பேர்' என்னும் தமிழ் வழக்கு மூலத்தின் 'பீப்பிள்' என்பதற்கு நன்கு பொருந்துகிறது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. ஆர்க்டிக் மங்கீஸின் முதல் இசைத்தொகுப்பில் வட்டாரத் தன்மையைச் சொற்களைவிட ஒலிப்பே மிகுதியாகத் தாங்குகிறது. சொற்கள் வரும் இடங்களில் அவை அணுக்கம், ஐயம், எள்ளல் எனத் தெளிவான பணிகளைச் செய்கின்றன. அக்குரல் இயற்கையின் பதிவு அன்று, கலைத்தெரிவு. அத்தெரிவு ஒரு நகரின் பேச்சை 3,63,735 படிகளாக ஒரே வாரத்தில் நாடெங்கும் கொண்டுசென்றது. அந்நகரின் பெண்களின் பேச்சை விட்டுச் சென்றது.

மொழிபெயர்ப்பாளர் முதலில் வினவ வேண்டியது இச்சொல் எந்த ஊருக்கு உரியது என்பதன்று. இவ்விடத்தில் இது யாரை யாரிடம் நெருங்கச் செய்கிறது, யாரை விலக்குகிறது என்பதே. அகராதி முதல் வினாவுக்கு விடை தரும். இரண்டாவதற்கு விடை காணப் பாடலைப் பலகால் கேட்க வேண்டும். அச்சிட்ட பாடல்வரிகளை மட்டும் கொண்டு இத்தகைய தொகுப்புகளைப் பெயர்க்க முனைவது, அவற்றின் வட்டாரத் தன்மையில் பெரும்பகுதியைத் தொடங்கும் முன்னரே இழப்பதாகும்.